பிரசவ அறையில் ஒரு துணை

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள், குழந்தை ஆணா பெண்ணா என்றும், எடை எவ்வளவு என்றும், சுகப்பிரசவமா ஆபரேஷனா என்றும் கேட்டுவிட்டு, பழமும் ஹார்லிக்ஸும் கொடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே அவளுக்கு என்ன நேர்ந்தது, எந்த நேரத்தில் அவள் பயந்துபோனாள், யார் சொன்ன எந்த வார்த்தை அவளுக்குத் தெம்பு தந்தது என்று கேட்பவர்கள் அரிது. கேட்டுப் பார்த்தால், முப்பது வருஷம் கழித்தும் ஒரு தாய் அதை நேற்று நடந்ததுபோலச் சொல்லக் கூடியவளாக இருக்கிறாள் என்பதை, எங்கள் குடும்பத்துப் பெண்களிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு நான் அறிந்திருக்கிறேன். அந்த ஞாபகமும் வைத்தியத்தின் ஒரு பகுதியே என்பது என் அபிப்பிராயம்.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசல்

சென்னை எழும்பூரில் 1844ஆம் ஆண்டு தொடங்கிய பிரசவ மருத்துவமனையும், கோஷா முறையில் வாழ்ந்த ஸ்திரீகள் ஆண் வைத்தியர் முன் வரக் கூசி உயிரையே இழந்துகொண்டிருந்த காலத்தில் அவர்களுக்காக 1885இல் தோன்றி, இன்று கஸ்தூரிபா காந்தியின் பெயரைத் தாங்கியிருந்தும் திருவல்லிக்கேணியின் முதியவர்களால் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கப்படும் மருத்துவமனையும், எத்தனை தலைமுறைக் குழந்தைகளின் முதல் அழுகையைக் கேட்டிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல இயலாது. இன்று தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடந்திருக்கின்றன. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்ற கணக்கில், 2018–20இல் இந்தியா முழுமைக்கும் 97 என்றிருக்க, தமிழ்நாட்டில் அது 54. ரத்தம் ஏற்றும் வசதியும், குழந்தை பிறந்தவுடன் போடும் ஆக்ஸிடோசின் ஊசியும், கூப்பிட்டவுடன் வரும் 108 வண்டியும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்கள் பல. ஆகையால், பழைய நாளில் வீட்டிலேயே சுகமாகப் பெற்றார்களே என்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பழைய நாளில் பெற முடியாமல் போனவர்கள் இன்று வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள்.

கதவு சாத்திய பிறகு

என் தங்கையின் தலைப்பிரசவம் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்தது. லேபர் வார்டின் வாசலில், வளைகாப்பன்று இரு கைகளிலும் அடுக்கிய கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார்கள். கை வீங்கியிருந்ததால் சில வளையல்கள் கழல மறுத்தன. ஆயா சோப்புத் தண்ணீர் தடவி இழுத்ததில் இரண்டு உடைந்தன. மிஞ்சியவற்றைக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது. பதினோரு மணி நேரம் நானும் அம்மாவும் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே நடந்ததை அவள் பிற்பாடுதான் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி கதறிக்கொண்டிருந்ததும், மல்லாந்து படுத்தபடியே இருக்கச் சொன்னதும், ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து உள்சோதனை செய்துவிட்டுப் போனதும், கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேட்டபோது பதில் கிடைக்காததும், வலி உச்சத்துக்கு ஏறிய ஒரு கணத்தில் 'சும்மா கத்தாதே' என்று ஒரு குரல் அதட்டியதும் அவள் நெஞ்சை விட்டு அகலவில்லை. குழந்தை நன்றாகப் பிறந்தது, அவளும் பிழைத்தாள், பதிவேட்டில் எழுத அங்கே ஒரு குறையும் இருந்திராது. எண்ணிறந்த தாய்மாரை இரவு பகலாகப் பார்த்து ஓய்ந்துபோன நர்சுகளின் களைப்பை நான் உணராதவன் அல்லன். ஆயினும், 'இப்போது சோதித்துப் பார்க்கப் போகிறேன், மூச்சை இழுத்து விடம்மா' என்று சொல்வதற்கு எத்தனை விநாடி ஆகும்?

வியன்னாவில் தாய்மார் சொன்னது

தாய்மாரின் பேச்சை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடலாகாது என்பதற்கு வைத்திய சரித்திரத்திலேயே ஒரு சாட்சியம் உண்டு. சுமார் 180 ஆண்டுகளுக்கு முன் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். முதற்பிரிவில் சேர்த்துவிடாதீர்கள் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்; அங்கே போவதினும் தெருவிலேயே பெற்றுவிடுவது மேல் என்று துணிந்தவர்களும் இருந்தார்கள். பாமர ஜனங்களின் பீதி என்றே கற்றவர்கள் அதைக் கருதியிருக்க, இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் மட்டும் காரணத்தைத் தேடினார். பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்கள்தாம் பிரசவ ஜன்னியைக் கொண்டுவருகிறார்கள் என்று தெளிந்து, 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே தாயைத் தொட வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 அளவில் இருந்த மரணம் ஜூனில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. கெஞ்சிய அந்தப் பெண்களுக்குக் காரணம் தெரிந்திருக்கவில்லை. எந்த அறைக்குள் ஆபத்து இருந்தது என்பது மாத்திரம் சரியாகவே தெரிந்திருந்தது.

கூட ஒருத்தி இருந்தால்

பிரசவ வலியில் இருப்பவளுக்குப் பயம் மிகும்போது உடம்பில் அட்ரினலின் சுரப்பு ஏறுகிறது. அது கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்தி வலியை நீட்டக் கூடியது. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து இடுப்பை நீவிக்கொடுத்து, வாய் உலரும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, இடது பக்கம் ஒருக்களித்துக்கொள் என்றும், கொஞ்சம் எழுந்து நட என்றும் சொல்லுமானால் பயம் தணிகிறது. இதை வெறும் ஆறுதல் என்று நினைக்க வேண்டாம். 15,000க்கும் மேற்பட்ட தாய்மாரைப் பற்றிய பல நாட்டுப் பரிசோதனைகளைத் திரட்டி 2017இல் வெளிவந்த தொகுப்பாய்வு, இடைவிடாத துணை பெற்றவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுவதையும், சிசேரியன் குறைவதையும், பிரசவ நேரம் சுருங்குவதையும் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், தாய் விரும்பும் துணையை அனுமதிக்க வேண்டும் என்பதோடு, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிரக் கட்டம் தொடங்குவதாகக் கொள்ள வேண்டும் என்றும், மணிக்கொரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை எல்லோர்மீதும் சுமத்தலாகாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது.

நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துணைத் திட்டம் 2004லேயே வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. தானும் பிள்ளை பெற்றவளாய், தொற்றுநோய் ஏதும் இல்லாதவளாய், சுத்தமான உடையுடன் வரும் உறவுக்காரப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம் என்று 2016இல் மத்திய அரசும் வழிகாட்டியிருக்கிறது. ஆகவே, ஏழாம் எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போதே, 'பிரசவத்தின்போது கூட இருக்க விடுவீர்களா?' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலி எடுத்த பிறகு வாசலில் நின்று வாதாட யாருக்கும் தெம்பிராது.

தங்கையின் இரண்டாவது பிரசவத்தில், வேறொரு மருத்துவமனையில், அம்மா உள்ளே இருந்தாள். அந்த வலியும் முதல் வலியைவிடக் குறைந்ததன்று என்றே தங்கை சொல்கிறாள். அங்கிருந்த நர்ஸம்மா கட்டில் கட்டிலாகப் போனபடியே திரும்பி, 'இங்கேதாம்மா இருக்கேன், எங்கேயும் போகல' என்றாளாம். இரண்டாவது பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலே தங்கை அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்கிறாள்.

அறுவை சிகிச்சை

தமிழ்நாட்டில் பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 சிசேரியன் என்றும், தனியார் மருத்துவமனைகளில் அது 63.8 என்றும் அதே குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஒரு சமுதாயத்தில் நூற்றுக்கு 10 என்னும் அளவைத் தாண்டிய பிறகு, சிசேரியன் பெருகுவதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுக் கூற்று. சிசுவின் நாடித்துடிப்பு தளரும்போதும், நஞ்சு கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கும்போதும் அந்த அறுவையே உயிர் காக்கும். அங்கே தயங்குவது பாவம். மற்றபடி, ஏன் அவசியம் என்றும், சற்றுப் பொறுத்துப் பார்க்க இடமுண்டா என்றும், அடுத்த பிரசவத்தில் என்ன விளையும் என்றும் டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முதல் பிரசவம் சிசேரியனானால் அடுத்ததும் அப்படியே என்ற நியதியும் இல்லை. தகுந்த வசதியுள்ள இடத்தில் சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கத் தக்கவர்கள் பலர். அறுவை செய்துகொண்டவளை 'வலி தெரியாமல் பெற்றுவிட்டாய்' என்று சொல்லும் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தையலோடு எழுந்து உட்கார்ந்து பால் கொடுப்பது என்ன பாடு என்பதை அவளே அறிவாள்.

வீடு வந்த பிறகு

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுதும் நனையும்படி ரத்தம் போனாலும், காய்ச்சல் 100.4 டிகிரிக்கு ஏறினாலும், கடுந்தலைவலியோடு கண் மங்கினாலும், மூச்சுத் திணறினாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், கழிவில் துர்நாற்றம் வீசினாலும், பத்தியம் என்றும் கஷாயம் என்றும் பொழுதைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பெற்ற சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சகஜம், தானே தெளிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் அது நீங்காமல், தூக்கம் பிடிக்காமல், குழந்தையின்மேல் மனம் ஒட்டாமல் இருந்தால் அது நோய். சிகிச்சையால் தீரக் கூடிய நோய். மனநலத்துக்கான 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முதல் குழந்தை பிறந்த பதினாறாம் நாள், வந்தவர்கள் எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நின்றிருக்க, என் தங்கை அடுப்படி வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி மட்டும் தொட்டிலைக் கடந்து போய், அவள் பக்கத்தில் மெல்லக் குந்தி, 'உள்ளே என்னடி பண்ணாங்க உன்னை?' என்று கேட்டாள். அன்றைக்குத்தான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினோரு மணி நேரமும் உள்ளே என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரிந்தது.