திறக்க முடியாத பேரேடு: லினக்ஸ் கைபேசி வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

தொண்ணூறுகளில் ஜெர்மனிக்கு வந்த நாங்கள், தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள். கொழும்பில் இருந்த உறவினருக்குச் சொன்னால், அங்கிருந்து செய்தி யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போய்ச் சேரக் கிழமைக்கணக்கில் ஆகும். இன்று அந்த வேலையைச் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசி ஒரு நொடியில் செய்கிறது. வங்கி, வைத்தியர், வெளிநாட்டவர் அலுவலகக் கடிதங்கள், ஊர்ச்சங்கக் கணக்கு எல்லாமே அதற்குள் வந்துவிட்டன.

சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிய தலைமுறை நாம். யாரோ பார்க்கிறார்கள், யாரோ கேட்கிறார்கள் என்ற எண்ணம் எங்களை விட்டு இலகுவில் போகாது. ஆகவே, கூகுளுக்கும் அப்பிளுக்கும் கட்டுப்படாத லினக்ஸ் இயங்குதளங்கள் கைபேசிக்கும் உண்டு, அவற்றின் மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கலாம் என்று மகன் சொன்னபோது எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. பழைய கைபேசி ஒன்றில் அப்படியொன்றை ஏற்றித் தந்தான். எட்டு மாதம் சந்தோசமாகப் பாவித்தோம்.

ஒரு ஞாயிறு காலை, ஊரில் அம்மாவைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். போகுமுன் எங்களோடு ஒரு சொல் கதைக்க வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறா. இங்கே மேசையில் கிடந்த கைபேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தன. ஆனால் அது ஒலிக்கவே இல்லை. பின்னேரம் சந்தேகப்பட்டு அதை நிறுத்தித் திரும்ப இயக்கிய பிறகுதான் பெரியண்ணாவின் குரல் கேட்டது: "நாலு தரம் அடிச்சனான், ஏன்ரா எடுக்கேல்லை?"

அம்மா தப்பிவிட்டா. ஆனால் அண்ணாவின் கேள்விக்குப் பதில் தேடாமல் எங்களால் இருக்க முடியவில்லை. கணக்கு ஒத்துவராவிட்டால் எந்தப் பேரேட்டில் பிழை என்று தேடுவதுதான் எங்கள் தொழில். தேடியதில் தெரிந்ததை, எங்களைப்போல் கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறோம்.

ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்

கைபேசியை ஒரு கணினி என்று நினைக்கிறோம். உள்ளே பல கணினிகள் இருக்கின்றன. நாம் தொட்டுப் பாவிக்கும் இயங்குதளம் பிரதான சிப்பில் ஓடுகிறது. தொலைபேசிக் கோபுரத்தோடு பேசுவது மொடம் என்னும் வேறொரு கணினி. வைஃபைக்கும் புளூடூத்துக்கும் இன்னொரு சிப். இவை ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி மென்பொருள் ஓடுகிறது. அதை ஃபேர்ம்வெயார் என்பார்கள், தமிழில் நிலைபொருள். அது அநேகமாக எப்போதும் சிப் தயாரித்த நிறுவனத்தின் சொத்து. மூலநிரல் வெளியே வராது. நிறுவனத்தின் இலக்கமுறைக் கையொப்பம் இல்லாத நிலைபொருளைப் பல சிப்கள் ஏற்றுக்கொள்ளவும் மாட்டா.

பைன்போன் என்ற லினக்ஸ் கைபேசி நல்ல உதாரணம். அதன் மொடத்துக்குள்ளேயே தனியான சிறு லினக்ஸ் ஒன்று ஓடுகிறது. ஆர்வலர்கள் அதன் பெரும்பகுதியைத் திறந்த மென்பொருளால் மாற்றிவிட்டார்கள். அப்படியிருந்தும், கோபுரத்தோடு உண்மையில் பேசும் அடிப்பகுதி இன்றும் மூடியே கிடக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததும் இந்த இடத்தில்தான். பிரதான சிப் விழித்திருந்தது, மொடம் அசையாமல் நின்றுவிட்டது. திரை கடைசியாக வந்த சிக்னல் அளவையே காட்டிக்கொண்டிருந்தது. வங்கிக் கூற்று வராத மாதத்தில் போன மாத மீதியையே காசேட்டில் எழுதி வைப்பது போன்ற வேலை.

மூடிய பகுதியில் என்ன இருக்கலாம்?

பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பதிவில் உள்ள மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

2014 மார்ச்சில், முற்றிலும் திறந்த அன்ட்ரொய்ட் ஒன்றை உருவாக்க முயன்ற ரெப்ளிகன்ட் குழுவினர், சில சம்சுங் கலக்சி கைபேசிகளில் ஒரு விடயத்தைக் கண்டார்கள். மொடம் கேட்டால் கைபேசியின் சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் வழிசெய்யும் மூடிய மென்பொருள் ஒன்று பிரதான சிப்பில் ஓடியது. அது வேண்டுமென்றே வைத்த பின்கதவா, கவனக்குறைவா என்று விவாதம் நடந்தது. கதவு இருந்தது என்பது மட்டும் உண்மை.

2017 இல் புரோட்கொம் நிறுவனத்தின் வைஃபை சிப்களில் புரோட்பௌன் என்ற ஓட்டை வெளிவந்தது. பாவிப்பவர் எதையும் அழுத்தாமலே, வைஃபை எட்டும் தூரத்தில் இருப்பவர் அந்தச் சிப்பைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை அது. ஐபோன், அன்ட்ரொய்ட் இரண்டிலும் அந்தச் சிப் இருந்தது.

2023 மார்ச்சில் கூகுளின் புரொஜெக்ட் சீரோ ஆய்வாளர்கள், சம்சுங் எக்சினோஸ் மொடங்களில் 18 ஓட்டைகளை அறிவித்தார்கள். அவற்றில் மிக மோசமான நான்குக்கு, தாக்குபவர் நமது தொலைபேசி இலக்கத்தை அறிந்திருந்தாலே போதும். திருத்தம் வரும்வரை வைஃபை அழைப்பையும் 4ஜி குரல் அழைப்பையும் நிறுத்தி வைக்கும்படி ஆலோசனை சொல்லப்பட்டது.

இந்த மூன்றாவது சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மொடம் உள்ள கைபேசியில் நாம் எந்தத் திறந்த இயங்குதளத்தை ஏற்றியிருந்தாலும் ஓட்டை அப்படியே இருக்கும். மொடத்தின் நிலைபொருளைத் திருத்தக்கூடியவர் அதைத் தயாரித்தவர் மட்டுமே. அவர் திருத்தம் வெளியிடும் காலம் முடிந்துவிட்டால், திருத்த ஆளில்லை.

பூட்டியிருப்பதால் பழசாகிறது

மூடிய பகுதி ஒரு பிரச்சினை, பழைய பாகம் வேறொரு பிரச்சினை என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். பிறகுதான் இரண்டும் ஒரே கணக்கின் பற்றும் வரவும் என்று விளங்கியது.

குவால்கொம், மீடியாரெக் போன்ற சிப் நிறுவனங்கள் ஒரு சிப்பை வெளியிடும்போது, லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் ஒரு குறிப்பிட்ட பதிப்பையும் அதற்குப் பொருந்தும் மூடிய மென்பொருட்களையும் சேர்த்துக் கைபேசித் தயாரிப்பாளருக்குக் கொடுக்கின்றன. அந்த மூடிய துண்டுகள் அந்தப் பதிப்போடு கட்டப்பட்டவை. கேர்னலைப் புதுப்பித்தால் கமராவோ அழைப்போ வேலைசெய்யாமல் போகலாம். சிப் நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் கேர்னலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

மாற்று இயங்குதளம் செய்பவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது வழி, தயாரிப்பாளர் கொடுத்த அந்தப் பழைய கேர்னலையும் மூடிய துண்டுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே புதிய வீடு கட்டுவது. உபுண்டு டச், பின்லாந்தின் ஜொல்லா நிறுவனத்துச் செயில்ஃபிஷ் ஆகியவை பெரும்பாலான கைபேசிகளில் இப்படித்தான் ஓடுகின்றன. அழைப்பும் கமராவும் ஓரளவு வேலைசெய்யும். ஆனால் அத்திவாரம் பழசு. சில வேளைகளில் மேல்மாடியும் பழசாகிவிடும். உபுண்டு 16.04 பதிப்புக்கான பொது ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது. உபுண்டு டச் அந்த அடித்தளத்தை விட்டு 20.04 க்கு வந்தது 2023 மார்ச்சில். 2017 இல் கனோனிக்கல் நிறுவனம் கைவிட்டபின் தொண்டர்கள் பொறுப்பேற்று நடத்தும் வேலை அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கில் அந்த இரண்டு வருடம் இருக்கிறது. செயில்ஃபிஷ் 2016 இல் வெளிவந்த கியூட்டி 5.6 என்ற மென்பொருட் தொகுதியிலேயே, அதன் ஆதரவு 2019 இல் முடிந்த பிறகும் நெடுங்காலம் தங்கியிருந்தது. பிந்திய பதிப்புகளின் உரிம நிபந்தனை மாறியது அதற்கு ஒரு முக்கிய காரணம். செயில்ஃபிஷின் திரை அமைப்பும்கூட முழுவதும் திறந்ததல்ல.

இரண்டாவது வழி, பழைய கேர்னலை வீசிவிட்டு உலகப் பொதுவான புதிய கேர்னலில் ஓடுவது. 2017 இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெற் ஓஎஸ், ஒரு கைபேசியைப் பத்து வருடம் பாவிக்க வேண்டும் என்ற இலக்கோடு இதைச் செய்கிறது. இங்கே விலை வேறு விதமாகக் கேட்கப்படுகிறது. சிப் நிறுவனம் உதவாதபோது, தொண்டர்கள் ஒவ்வொரு பாகத்தையும் சோதித்துச் சோதித்து மென்பொருள் எழுத வருடங்கள் ஆகும். எழுதி முடிக்கும்போது சிப் பழசாகியிருக்கும். 2020 இல் 149 டொலருக்கு வந்த பைன்போனில் இருந்தது 2015 இல் வெளிவந்த ஓல்வின்னர் ஏ64 சிப். அதன் வரைகலைப் பகுதியின் வடிவமைப்போ 2008 ஆம் ஆண்டுக்குரியது. அறியாமையால் அதைத் தெரிவு செய்யவில்லை. அந்தச் சிப்புக்குத்தான் திறந்த மென்பொருள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

சுருக்கம் இதுதான்: புதியது பூட்டியிருக்கிறது, திறந்தது பழசாயிருக்கிறது.

பூட்டை அலுமாரிக்குள் வைப்பது

அமெரிக்காவின் பியூரிசம் நிறுவனம் 2017 இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய லிப்ரெம் 5 கைபேசி, இந்தச் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்டது. மொடத்தைத் தனி அட்டையில் வைத்து, பிரதான நினைவகத்தை அது நேரடியாகத் தொட முடியாமல் செய்தார்கள். மொடம், வைஃபை, கமரா-மைக் ஆகியவற்றுக்கு மின்சாரத்தையே துண்டிக்கும் மூன்று ஆளிகளும் பக்கவாட்டில் உண்டு. நமது தலைமுறைக்கு விளங்கும் பாதுகாப்பு அது.

ஆனால் அதிலும் ஒரு துண்டு தப்பவில்லை. நினைவகத்தை இயக்கத் தொடங்கும்போது மூடிய நிலைபொருள் ஒன்று தேவைப்பட்டது. அதைப் பிரதான சிப் தொடாமல், தனியான சேமிப்பில் வைத்து, துணைச் சிப் ஒன்றால் ஏற்றும்படி அமைத்தார்கள். சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சான்றிதழ் விதிகளில் துணைச் சிப்களுக்கு விலக்கு உண்டு என்பது காரணம். விதிப்படி சரி. ஆனால் பூட்டிய பேரேட்டை மேசையிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தால் அது திறந்த பேரேடு ஆகிவிடாது. ஐந்தொகைக்கு வெளியே நகர்த்தப்பட்ட கடனும் கடன்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மூடிய நிலைபொருளைத் தொடவே மாட்டோம் என்று புதுப்பிப்புகளையும் தவிர்த்தால், சிப்புக்குள் தொழிற்சாலையில் எழுதப்பட்ட பழைய மூடிய நிலைபொருள், பழைய ஓட்டைகளோடு ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிச் செய்வதால் சுதந்திரமும் கிடைக்காது, பாதுகாப்பும் கிடைக்காது. டெபியன் லினக்ஸ் குழுவினர் 2022 இல் வாக்கெடுப்பு நடத்தி, தேவையான மூடிய நிலைபொருளைத் தமது நிறுவல் வட்டிலேயே சேர்ப்பதென்று முடிவெடுத்தார்கள். கொள்கையில் உறுதியானவர்கள் என்று பெயரெடுத்தவர்களே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

வாங்குமுன் நாலு கேள்விகள்

முதலாவது, இரண்டு திகதிகளையும் பாருங்கள். லினியேஜ் ஓஎஸ் போன்ற அன்ட்ரொய்ட் வழி மாற்றுத் தளங்களில், கைபேசியைப் பற்றிய விபரப் பக்கத்தில் இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தத் திகதி ஒன்றும், தயாரிப்பாளர் தந்த பகுதியின் திருத்தத் திகதி வேறொன்றும் இருக்கும். முதலாவது போன மாதமாக இருக்கும். இரண்டாவது மூன்று வருடத்துக்கு முந்தியதாக இருக்கலாம். அவற்றைத் தனித்தனியாகக் காட்டுவது அவர்களின் நேர்மை. இரண்டாவது திகதியை வாசிப்பது நமது பொறுப்பு.

இரண்டாவது, நீங்கள் இருக்கும் நாட்டில் அது அழைப்பு எடுக்குமா என்று கேளுங்கள். ஜெர்மனியில் 2021 இல் 3ஜி நிறுத்தப்பட்டது. வோல்டி எனப்படும் 4ஜி குரல் அழைப்பு வேலைசெய்யாத கைபேசி, பேசும்போது 2ஜிக்கு இறங்கும். சுவிசில் சுவிஸ்கொம் 2ஜி ஆதரவை 2020 முடிவோடு நிறுத்தியது. அமெரிக்காவில் ஏடி அன்ட் ரி 2017 இல் 2ஜியையும் 2022 இல் 3ஜியையும் மூடியது. வோல்டிக்குரிய மென்பொருளும் பெரும்பாலும் மூடியதே என்பதால், மாற்றுத் தளங்கள் பலவற்றில் அது வேலைசெய்வதில்லை. அவசர அழைப்புக்கு நம்பியிருக்கும் வயோதிபர் கையில் கொடுக்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, வங்கிச் செயலி ஓடுமா? பலவற்றில் ஓடாது.

நாலாவது, பெறுமானத் தேய்வைக் கணக்குப் போடுங்கள். 600 யூரோக் கைபேசிக்கு ஆறு வருடம் திருத்தம் வருமென்றால் வருடத்துக்கு 100 யூரோ. 150 யூரோவுக்கு வாங்கிய பழையதுக்கு ஒரு வருடம்தான் மிச்சமென்றால் வருடத்துக்கு 150. மலிவானது எது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைபேசிகளுக்கு, அந்த மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் இயங்குதளப் புதுப்பிப்பு வழங்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது. கடையில் இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எங்கள் முடிவு

கணக்காய்வில் சில ஏடுகளைப் பார்க்கக் கிடைக்காவிட்டால், "எல்லாம் சரி" என்றும் எழுத மாட்டோம், "எல்லாம் களவு" என்றும் எழுத மாட்டோம். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கக் கிடைக்கவில்லை என்று எழுதிக் கையொப்பமிடுவோம். லினக்ஸ் கைபேசிகளுக்கும் எங்கள் அறிக்கை அதுவே. மேல்மாடி திறந்திருக்கிறது, அது பெரிய விடயம். அத்திவாரத்தின் சாவி இன்னும் சிப் நிறுவனங்களிடம் இருக்கிறது. அந்தச் சாவியைத் தொண்டர்களிடம் கேட்டுப் பயனில்லை. ஆதரவை நிறுத்தும்போது நிலைபொருளையும் ஆவணங்களையும் திறந்து விடுங்கள் என்று நிறுவனங்களிடமும் சட்டம் செய்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

மகன் ஏற்றித் தந்த கைபேசியை நாங்கள் வீசவில்லை. ஊர்ச்சங்கக் கணக்கும் குறிப்புகளும் இப்போதும் அதில்தான். ஆனால் சிம் அட்டையைக் கழற்றி, திருத்தம் ஒழுங்காக வரும் இன்னொரு கைபேசியில் போட்டுவிட்டோம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மா ஞாயிறுதோறும் எடுக்கிறா. முதலாவது மணியிலேயே நாங்கள் எடுத்துவிடுகிறோம்.