லேபிள் வரைவதும் ஒரு தொழில்தான்!



ஆடு, மாடு, தையல், மாவு மில், பலசரக்குக் கடை என்று நாம் கடன் வாங்கிச் செய்யும் தொழில்கள் பல உண்டு. இந்த இதழில் கொஞ்சம் புதுசான ஒரு தொழிலைப் பார்ப்போம். பொருளுக்குப் பெயர் வைப்பது, சின்னம் வரைவது, லேபிள், பை, போர்டு, நோட்டீஸ் வடிவமைத்துக் கொடுப்பது. ஒரு கம்ப்யூட்டரும் நெட் இணைப்பும் இருந்தால் வீட்டில் இருந்தபடியே செய்யலாம்.

இதற்குத் தேவையான படிப்பும் திறமையும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. டி.டி.பி. படித்த மகள், கல்லூரிக்குப் போய்வந்த மருமகள் இல்லாத ஊர் இன்று குறைவு. "ஏ தாயி, நம்ம குழு ஊறுகாய்க்கு ஒரு லேபிள் போட்டுக் குடேன்" என்று கேட்டால் அந்தப் பிள்ளையும் ராத்திரி கண்விழித்துப் போட்டுக் கொடுக்கும். கூலி கேட்டால், "நம்ம பிள்ளதானே, இதுக்கெல்லாம் துட்டா?" என்கிறோம். இந்தத் தொழில் படுத்துப் போவது அந்த இடத்தில்தான். உளுந்து மூட்டை கண்ணுக்குத் தெரிகிறது, எடை போடுகிறோம். கம்ப்யூட்டரில் செய்த வேலையை எடை போட முடியவில்லை. அதனால் அது வேலையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

படத்தைப் பார்த்து வாங்கிய காலம்

சின்னத்தின் அருமையை நமக்கு வெளியூர்க்காரர்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதற்குப் பிறகு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் பூமி முழுக்கத் தீப்பெட்டித் தொழில் பரவியது. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். சிவகாசி அச்சுத் தொழில் வளர்ந்ததற்கு அந்தத் தேவை ஒரு முக்கிய காரணம்.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் லேபிளில் உள்ள படத்தைச் சொல்லித் தீப்பெட்டி கேட்டு வாங்கினார்கள். உள்ளே இருப்பது எல்லாம் குச்சிதான். வியாபாரத்தைப் பிடித்துக் கொடுத்தது மேலே இருந்த படம். நம் அம்மாமார், ஆத்தாமார் பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். பெயரும் படமும் முதலாளிக்குச் சொந்தம். நமக்குக் கிடைத்தது ஒட்டுக்கூலி. இன்று அந்தப் படத்தைப் போடுகிற வேலையே நம் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது. அதையும் ஓசியில் செய்ய வைப்பது நியாயமா?

பெயருக்கு என்ன மதிப்பு?

நம் ஊர்க் கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். கடலையும் வெல்லமும் எல்லா ஊரிலும்தான் கிடைக்கிறது. ஆனால் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்றால் தனி மவுசு. உற்பத்தியாளர் சங்கம் 2014-ல் விண்ணப்பம் செய்து, 2020 ஏப்ரலில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டியும் அதைச் சுற்றி வரையறுத்த பகுதியும் தவிர வேறு ஊரில் செய்ததற்கு இந்தப் பெயரைப் போடுவது சட்டப்படி தவறு. எல்லைக்குள் செய்பவர்களும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிவு செய்துகொள்வதுதான் முறை. லேபிள் போட வரும் பிள்ளை இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

இன்னொரு உதாரணம் மும்பையில் இருக்கிறது. 1959-ல் 7 பெண்கள் சேர்ந்து 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பித்தார்கள். 1962-ல் ஒரு போட்டி வைத்து அப்பளத்துக்கு 'லிஜ்ஜத்' என்று பெயர் தேர்ந்தெடுத்தார்கள். குஜராத்தி மொழியில் சுவை என்று அர்த்தம். பெயர் சொன்னவருக்குப் பரிசு 5 ரூபாய். அந்தப் பெயர் இன்று இந்தியா முழுக்கத் தெரியும். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அன்றைக்கே பெயர் சொன்னதும் ஒரு வேலை என்று மதித்து அதற்கு ஒரு தொகை கொடுத்தார்கள் என்பதுதான்.

கூலியைக் கணக்கிடுவது எப்படி?

"பக்கத்து ஊரில் 200 ரூபாய்க்குப் போட்டுத் தாராங்க" என்று விலை வைத்தால் தொழில் நிற்காது. நம் செலவில் இருந்து கணக்குப் போட வேண்டும். உதாரணத்துக்கு ஒரு மாதக் கணக்கு:

- செய்பவருக்கு வேண்டிய சம்பளம் – 8,000 ரூபாய்
- கரண்ட், நெட் – 700 ரூபாய்
- கம்ப்யூட்டர், பிரிண்டர் தேய்மானம் (36,000 ரூபாயை 36 மாதத்துக்குப் பிரித்தால்) – 1,000 ரூபாய்
- பஸ், போன், பேப்பர் – 300 ரூபாய்
- மொத்தம் – 10,000 ரூபாய்

மாதம் 25 நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 150 மணி நேரம். இதில் வேலை தேடுவது, கணக்கு எழுதுவது, பாக்கி கேட்டு அலைவது என்று 50 மணி நேரம் போய்விடும். மீதி 100 மணி நேரத்தில்தான் 10,000 ரூபாய் வர வேண்டும். ஆக, மணிக்கு 100 ரூபாய்.

ஒரு லேபிளுக்கு விவரம் கேட்க 1 மணி, மாதிரி போட 5 மணி, திருத்த 2 மணி, அச்சகத்துக்குத் தயார் செய்து புரூப் பார்க்க 2 மணி. மொத்தம் 10 மணி நேரம், 1,000 ரூபாய். இதையே 200 ரூபாய்க்குச் செய்தால் மணிக்கு 20 ரூபாய். காட்டில் களை எடுக்கப் போனால்கூட இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

செய்யச் சொல்லும் குழுவும் கணக்குப் பார்க்கட்டும். அந்த லேபிளை 2,000 பாக்கெட்டுக்கு அச்சடித்தால் வடிவமைப்புச் செலவு பாக்கெட்டுக்கு 50 பைசாதான். அச்சுக்கூலி தனி. அதை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வேண்டும்

குழுவில் தீர்மானம் எழுதாமல் கடன் கொடுப்போமா? அதுபோல ஒரு பக்கத் தாளில் இவற்றை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்:

1. என்னென்ன செய்து தர வேண்டும், எந்தத் தேதிக்குள்.
2. மொத்தக் கூலி எவ்வளவு. பாதி முன்பணம், மீதி அச்சுக்குப் போகும் முன்.
3. எத்தனை மாதிரி, எத்தனை தடவை திருத்தம். உதாரணமாக 2 மாதிரி, 2 திருத்தம். அதற்கு மேல் போனால் தனிக் கூலி.
4. எழுத்துப் பிழை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது யார். அச்சான பிறகு பிழை தெரிந்தால் நஷ்டம் யாருக்கு.
5. சின்னம் யாருக்குச் சொந்தம்.

ஐந்தாவதுதான் ரொம்ப முக்கியம். "நாங்க துட்டு குடுத்துட்டோம், எங்களுக்குத்தானே சொந்தம்?" என்று கேட்பீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி வரைந்தவர் தன் உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் 'முழு உரிமையும் நிரந்தரமாகக் குழுவுக்கு' என்று எழுதி, முழுக் கூலியையும் கொடுத்து வாங்குங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் பென் டிரைவில் கேட்டு வாங்கிக் குழுவின் பெட்டியில் வையுங்கள். அது இல்லாவிட்டால் விலையை மாற்றக்கூட முதலில் இருந்து வரைய வேண்டி வரும்.

வரைகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. நெட்டில் கிடைக்கும் படத்தை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். அதற்கும் சொந்தக்காரர் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. வரைய இங்க்ஸ்கேப், போட்டோ திருத்த ஜிம்ப் ஆகியவையும் இலவசம். திருட்டு சாப்ட்வேர் தேவையில்லை.

அழகு மட்டும் போதாது

உணவுப் பொருள் லேபிளில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானம் (அதிகம் சேர்த்தது முதலில்), நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, ஒரு கிராம் என்ன விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், பேட்ச் எண், தயாரிப்பவர் முகவரி, புகார் சொல்லப் போன் எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண். நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் கடலை சேர்ந்திருப்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சத்து விவரம் எந்தப் பொருளுக்குப் போட வேண்டும் என்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் தெரிந்த பிள்ளையைத்தான் வியாபாரிகள் தேடி வருவார்கள்.

பெயரைப் பிறர் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, வணிகச் சின்னச் சட்டம் 1999-ன்படி பதிவு செய்யலாம். பதிவு 10 வருடம் செல்லும், புதுப்பிக்கலாம். யார் பெயரில் பதிவு செய்வது என்பதைக் குழுவில் தீர்மானம் போட்டு முடிவு செய்யுங்கள். பதிவு கிடைக்கும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது குற்றம். 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ளலாம்.

தொழிலைப் பதிவு செய்யுங்கள்

உத்யம் பதிவு இலவசம், புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இந்தப் பதிவு உள்ள சிறு தொழிலுக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை.

இந்தத் தொழிலுக்கும் பருவம் உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு முன் பலகார லேபிள், கோவில் கொடைக்கு நோட்டீஸ், முகூர்த்த மாதங்களில் பத்திரிகை என்று வேலை குவியும். மற்ற நாளில் ஈயடிக்கும். புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுத்து வருசம் முழுக்கச் சாப்பிடுகிற நமக்கு இது புதிதில்லை. வரும் மாதத்தில் சேர்த்து வைக்க வேண்டும். மழை பொய்த்தால் வியாபாரம் குறையும், லேபிள் வேலையும் குறையும். அதனால் எடுத்த எடுப்பில் பெரிய கடன் வாங்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டர், குழுவின் உள்கடன், நாலு வாடிக்கையாளர், இது போதும் ஆரம்பிக்க.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த பெண்கள் யார் யார் என்று பெயர் எழுதுங்கள். குழுவுக்கு லேபிளோ போர்டோ தேவைப்பட்டால் அந்தப் பெண்ணிடமே கொடுங்கள். கூலியை முன்கூட்டியே பேசி, மினிட் நோட்டில் எழுதி, கையில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். "நம்ம பிள்ளதானே" என்பது கூலியைக் குறைக்கச் சொல்லும் வார்த்தையாக இருக்க வேண்டாம். வேலையை முதலில் அவளுக்குக் கொடுக்கச் சொல்லும் வார்த்தையாக இருக்கட்டும்.