கார்ல ‘கேட்’டை மாத்தப் போறீங்களா? பழசைக் கையோட வாங்கிட்டு வாங்க!

கோவையில் இருக்கும் என் பெரியம்மா மகன், போலோ 1.0 டி.எஸ்.ஐ வைத்திருக்கிறார். கம்பெனியில் இருந்து வரும்போதே 110 பி.எஸ் பவர் தரும் டர்போ கார். ஆனாலும் ஆசை யாரை விட்டது? “கேட்டை எடுத்துட்டு நேரா பைப் போட்டா வண்டி பறக்கும்ணே” என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்ல, அண்ணனும் தலையாட்டிவிட்டார். பறக்கத்தான் செய்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அந்த காரில் ஏறினேன். காந்திபுரம் சிக்னலில் நின்றதுமே கண் எரிந்தது. பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த அவரது ஆறு வயது மகள், “அத்தை, இந்த வண்டில ஏறினாலே தலை வலிக்குது” என்றாள். அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட ஒரு டப்பா. துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். இன்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அது கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், நைட்ரஜனாக மாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கேட்டை எடுத்தபின் பைப் ஜாயின்ட்டில் ஒரு சின்னக் கசிவு இருந்தால்கூட, அது சத்தமில்லாமல் கேபினுக்குள் வரும். நமக்கு மூக்கில் ஏறியது எரியாத பெட்ரோல் நெடி. அதாவது, நாற்றம் வந்ததே நல்லதாகப் போயிற்று.

சரி, பவரும் வேண்டும், புகையும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவர்களுக்குக் கடைக்காரர்கள் காட்டுவது ‘ஹை ஃப்ளோ கேட்’. இதில் முதலில் கேட்க வேண்டியது செல் கணக்கு. கம்பெனி கேட்டில் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 400 துளைகளோ அதற்கு மேலோ இருக்கும். ஹை ஃப்ளோவில் 200, சிலவற்றில் 100. துளை பெரிதானால் காற்று சுலபமாகப் போகும். ஆனால், புகை உரசிச் செல்லும் பரப்பு குறைவதால் சுத்தமாவதும் குறையும். தெருவில் ஓட்டும் காருக்கு 100 செல் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். அது ட்ராக்குக்கானது.

உள்ளே இருப்பது செராமிக்கா, மெட்டலா என்றும் பாருங்கள். மெட்டலின் சுவர் மெல்லியது, சீக்கிரம் சூடாகும், அதிர்வையும் தாங்கும். சூடு ஏன் முக்கியம்? சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் கேட் வேலையே தொடங்கும். அதனால்தான் கம்பெனிகள் அதை இன்ஜினை ஒட்டியே வைக்கின்றன. இடம் போதவில்லை என்று காருக்கு அடியில் தள்ளி வெல்டு செய்தால், பக்கத்துக் கடைக்குப் போய்வரும் தூரத்துக்கு அது வெறும் டப்பாதான்.

டர்போ இல்லாத காரா? பெரிதாக எதுவும் கிடைக்காது. காசு மிச்சம்.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு என்றால், உள்ளே பூசிய உலோகமும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில், பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்ஸார் கண்டுபிடித்து, ‘செக் இன்ஜின்’ விளக்கைப் போட்டுவிடும். ஸ்கேனரில் பி0420 என்று வரும். உடனே சென்ஸாருக்கு ஒரு ஸ்பேஸர் மாட்டி விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பார்கள். விளக்கு அணையும், புகை குறையாது. ரீமேப் செய்பவர் பெட்ரோலை அதிகம் ஊற்றவிட்டாலோ, மிஸ்ஃபயர் இருந்தாலோ, எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து, புது கேட்டே உருகிவிடும். இன்ஜின் ஆயில் குடிக்கும் காருக்கு கேட் மாற்றுவதும் வீண்தான்.

சட்டம் இன்னும் கறாரானது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அனுமதியில்லாமல் மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட விதிக்கலாம். ‘ஹை ஃப்ளோதானே சார், கேட் இருக்கே’ என்பது ஆர்.டி.ஓ-விடம் எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

அண்ணன் பழைய கேட்டைக் கேட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். “அதுவாண்ணே? அப்பவே ஸ்க்ராப்ல போட்டுட்டோமே” என்று பதில் வந்தது. 2021-ல் ரோடியம் ஓர் அவுன்ஸ் 20,000 டாலரைத் தாண்டி விற்றது. அந்த டப்பாவை யாரும் சும்மா குப்பையில் போட மாட்டார்கள். கழற்றும்போதே கேட்டு வாங்கி வீட்டுப் பரணில் போட்டிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

200 செல் மெட்டல் கேட்டுக்கு விலை விசாரித்து வைத்திருந்தவர், கடைசியில் ஷோரூமில் ஒரிஜினலையே ஆர்டர் செய்து மாட்டினார். மேப்பையும் பழையபடி மாற்றியாகிவிட்டது. போன வாரம் வீடியோ காலில் பேசும்போது கார் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்து, “அத்தை, இப்ப பாட்டு நல்லா கேக்குது!” என்றாள்.