வரலாற்றை எந்தக் கண்கொண்டு காண்பது?

நடந்தது ஒன்று, அதைச் சொல்லும் முறையோ பல. நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாகத் தொகுத்துரைப்பது வரலாறு. அவற்றின் பொருள் யாது, அவை எதை நோக்கிச் செல்கின்றன என வினவுவது வரலாற்றுத் தத்துவம். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய கதையைக் கொண்டு இதனை விளங்கிக் கொள்வோம்.

1616 முதல் 1619 வரை நியூ இங்கிலாந்துக் கடற்கரையில் கொள்ளைநோய் பரவியது. வாம்பனோக் மக்களின் பாட்டுக்செட் என்னும் ஊர் அடியோடு அழிந்தது. அவ்வூரினரான டிஸ்குவாண்டம் 1614இல் ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். 1619இல் அவர் ஊர் திரும்பியபோது உற்றாரும் இல்லை, ஊரும் இல்லை. மறு ஆண்டு மேபிளவர் கப்பலில் வந்தோர் அதே இடத்தில் பிளிமத் குடியேற்றத்தை அமைத்தனர். அவர்களுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்பித்தவரும் அந்த டிஸ்குவாண்டமே!

இதற்கு என்ன பொருள்?

“இது இறைவனின் திட்டம்” என்றனர் பியூரிட்டானியர். பூர்வகுடிகள் பெரியம்மையால் மடிந்ததைக் குறிப்பிட்ட ஜான் வின்த்ராப், இந்நிலத்தின்மீது தமக்குள்ள உரிமையை இறைவனே தெளிவாக்கிவிட்டார் என்ற கருத்தை 1634இல் எழுதினார். ஆனால், நன்மையும் தீமையும் இவ்வுலகில் நல்லோர்க்கும் தீயோர்க்கும் பொதுவாகவே வருகின்றன என்று ‘இறைவனின் நகர்’ என்னும் நூலில் புனித அகுஸ்தினார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருந்தார். அவ்வாறாயின், பிறர் துன்பத்தைத் தமக்கு இறைவன் தந்த பரிசு எனக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

“இது முன்னேற்றம்” என்பது இரண்டாம் விடை. உலக வரலாறு விடுதலையுணர்வின் வளர்ச்சியே என்றார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெகல். அவ்வளர்ச்சியில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு அவர் இடமளிக்கவில்லை. முன்னேற்றத்திற்கு விலை உண்டு என்பர். அவ்விலையைக் கொடுத்தவர் யார்? 1637இல் மிஸ்டிக் என்னுமிடத்தில் பெக்கோட் மக்களின் ஊர் தீக்கிரையானது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1638இல் ஏற்பட்ட உடன்படிக்கை பெக்கோட் என்ற பெயரையே தடை செய்தது.

மூன்றாம் விடை பூர்வகுடிகளுடையது. மேலைநாட்டார் காலத்தை முதன்மையாகக் கருதுகின்றனர். தம் மக்களோ இடத்தை முதன்மையாகக் கொள்கின்றனர் என்று 1973இல் எழுதினார் வைன் டெலோரியா. அவர்களுக்கு நிலம் வெறும் உடைமையன்று. முன்னோர் நினைவு உறையும் இடம். 1970இல் பிளிமத் குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்ட வாம்பனோக் இனத்தவர் வாம்சுட்டா பிராங்க் ஜேம்ஸ், தம் மக்களின் துயரத்தை உரையாக எழுதினார். விழாக் குழுவினர் அதனை ஏற்கவில்லை. எனவே, நன்றி நவிலும் நாளே அங்குத் துக்க நாளாகவும் அனுசரிக்கப்படலாயிற்று.

அழிந்ததாக எண்ணப்பட்டோர் அழியவில்லை. தடை செய்யப்பட்ட பெயருக்குரிய பெக்கோட் இனத்தின் ஒரு பிரிவை 1983இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசுவாரற்றுக் கிடந்த வாம்பனோக் மொழியை மீட்கும் பணி 1993இல் தொடங்கியது. ஜான் எலியட் அம்மக்களின் மொழியில் 1663இல் அச்சிட்ட விவிலியமே அப்பணிக்குப் பெருந்துணையாயிற்று. குடியேறியவர் கொணர்ந்த நூல், இழந்தவர்க்கே மொழியை மீட்டுத் தந்தது. இதனை ஹெகலும் எண்ணியிரார், வின்த்ராப்பும் எண்ணியிரார்!

எனவே தோழியரே, வரலாற்று நூலைத் திறக்கும்போது இரு வினாக்களை மறவாதீர்: இதைச் சொல்பவர் யார்? சொல்ல இடமளிக்கப்படாதவர் யார்? இவ்விரண்டையும் கேட்பவளே வரலாற்றை உண்மையில் கற்றவள் ஆவாள்.