தொட்டிக்கும் ஒரு கணக்கு உண்டு

34 வருஷம் வங்கியில் பைசா பிசகாமல் கணக்குப் பார்த்தவன் நான். ஆனால் சென்னையில் மகள் வீட்டு பால்கனி ரோஜாவுக்குக் கடலைப் புண்ணாக்கை இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டேன். 'இயற்கை உரம்தானே, கூடினால் என்ன?' என்ற நினைப்பு. நாலாம் நாள் நாற்றம். பத்தாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. "எவ்வளவு போட்டீங்க தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வயலில் உரம் கொஞ்சம் கூடினால் மண் தாங்கிக்கொள்ளும், வேரும் விலகி ஓடும். தொட்டியில் வேருக்குப் போக்கிடம் கிடையாது. புண்ணாக்கு மட்கும்போது சூடும் அமோனியாவும் கிளம்பி வேர் வெந்துபோகும்.

அதனால் முதலில் உரத்தின் வலுவைப் பாருங்க. 100 கிராம் மண்புழு உரத்தில் தழைச்சத்து சுமார் 1.5 கிராம். அதே எடை வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 கிராம், கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 கிராம். கைப்பிடி ஒன்றாக இருந்தாலும் சத்து ஒன்றல்ல.

ஒரு அடி அகலத் தொட்டிக்கு இப்போது நான் வைக்கும் அளவு இது:

மண்புழு உரம்: மாதம் 100 கிராம்.
வேப்பம் புண்ணாக்குத் தூள்: மாதம் ஒரு டேபிள் ஸ்பூன், மேல்மண்ணோடு கிளறி.
பஞ்சகவ்யா: 3 சதவீதம். அதாவது லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, 15 நாளுக்கு ஒருமுறை.
மீன் அமிலம்: லிட்டருக்கு 5 மில்லி. பஞ்சகவ்யா கொடுத்த வாரத்தில் இது வேண்டாம்.

அளப்பதற்கு இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியே போதும். சாதா பாட்டில் மூடியை நம்பாதீங்க, ஒவ்வொன்றும் ஒரு அளவு.

உரம் வைக்கும் முன் விரலை விட்டு மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்க. காய்ந்த மண்ணில் வைத்தால் வேர் சுடும். வீட்டுக்குள் நிழலில் இருக்கும் மணிபிளான்ட் மாதிரிச் செடிக்குப் பாதி அளவு போதும். துளிர் நின்றிருந்தால் அதுவும் வேண்டாம். இலை நுனி கருகி மண் மேல் வெள்ளை பூத்தால் உரமோ, போர் தண்ணீரின் உப்போ கூடிவிட்டது என்று அர்த்தம். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியாக வடியும்வரை நல்ல தண்ணீர் விடுங்க.

மண்ணை மாற்றி, கருகிய கிளைகளைக் கவாத்து செய்தபின் அந்த ரோஜா இரண்டு மாதத்தில் துளிர்த்தது. இப்போது பேத்தி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, உரம், அளவு எல்லாம் அதில் ஏறுகிறது.

நிலம் வாங்கும் கனவோடு தொட்டியில் தொடங்கும் பிள்ளைகள் நிறைய. முதல் செடியே கருகினால் 'இயற்கை விவசாயம் நமக்கு ஒத்துவராது' என்று ஒதுங்கிவிடுவார்கள். அளந்து போடுங்க, எழுதி வையுங்க. நாளைக்கு ஏக்கர் கணக்கில் செய்யும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.