ஆங்கிலத்தில் வேண்டுகோளும் வினயமும்

பெரியோரிடம் ஒரு பொருளை வேண்டுங்கால் நாம் "தா" என்பதில்லை, "தாருங்கள்" என்கின்றோம். விண்ணப்பத்திலாயின் "தந்தருள வேண்டும்" என்றெழுதுகின்றோம். மரியாதை பெரும்பாலும் வினையின் ஈற்றிலேயே அமைந்து விடுகின்றது. ஆங்கிலத்திலோ அத்தகைய ஈறு இல்லை. நீ, நீங்கள் என்னும் இரண்டிற்கும் இன்று "யூ" என்னும் ஒரே சொல்லே உளது. ஒருமைக்குரியதாயிருந்த "தௌ" என்பது 17-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பொதுவழக்கினின்று பெரும்பாலும் நீங்கிற்று. ஆயின், ஆங்கிலேயர் மரியாதையை எங்கே வைக்கின்றனர்? இதனை அறியாமையால் நம் மாணவர் பலர், உள்ளத்திற் பணிவுடையராயிருந்தும், உத்தியோகம் வேண்டி எழுதுங் கடிதத்திற் கடுமையுடையார் போலத் தோன்றி விடுகின்றனர்.

அவர்கள் மரியாதையை வைக்கும் இடம் இரண்டு: ஒன்று வினா, மற்றொன்று இறந்தகாலம். "கிவ் மீ எ சர்டிபிகேட்" என்பது வெறும் ஏவல். அதன்முன் "ப்ளீஸ்" சேர்ப்பினும் ஏவல் சிறிது மெலியுமேயன்றி மாறாது. "குட் யூ கிவ் மீ எ சர்டிபிகேட்" என்னும்போதோ அது வினாவாகின்றது. வினாவுக்கு மறுமொழி இரண்டாதலின், மறுத்தற்கும் கேட்போருக்கு வழி திறந்திருக்கின்றது. "குட்" என்பது "கேன்" என்பதன் இறந்தகால வடிவம். "வுட்" என்பது "வில்" என்பதன் இறந்தகால வடிவம். காலத்தைத் தூரமாக்குவதால் வற்புறுத்தலும் தூரமாகின்றது. "ஐ வாண்ட்" என்பதினும் "ஐ வுட் லைக்" என்பது இனிதாவதும் இக்காரணத்தாலேயே.

யோசனை கூறுமிடத்தில் இடர் இன்னும் மிகுதி. "இவ்வாறு செய்தால் நல்லது" என்பது தமிழில் பணிவான மொழி. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, "யூ ஹாட் பெட்டர் டூ திஸ்" என மேலதிகாரிக்கு எழுதுவோன், "செய்யாவிடில் தீங்கு வரும்" என எச்சரிப்போனாகின்றான். "மே ஐ சஜஸ்ட்" என்றேனும், "இட் மைட் பீ பெட்டர் டு" என்றேனும் தொடங்குவதே தக்கது. "வுட் யூ மைண்ட்" என்பதும் கருதத்தக்கது. அதன் பொருள் "உமக்கு ஆட்சேபமுண்டோ" என்பதாகலின், இசைவோர் "நோ" என்றே விடையிறுத்தல் வேண்டும். இசைவுடன் "யெஸ்" என்பார், சொல்லளவில் ஆட்சேபித்தவராவர். நம் அலுவலகங்களில் இன்றும் வழங்கும் "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்பதோ, இங்கிலாந்தில் பழைமைப்பட்ட தொடர். வேண்டுவது இன்னதென அது கூறாமையால், வேண்டியதை வெளிப்படக் கூறிக் கேட்பதே நன்று.

எனினும் துறைமுக நகரில் வாழும் நாம் இதற்கோர் மறுதலையையும் அறிதல் வேண்டும். தூத்துக்குடிக்கு வருங் கப்பல்களிற் பல தேசத்து மாலுமிகளும் உளர்; அவர்களுட் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. அலையிரைச்சலிடையே வானொலியிற் பேசுங்கால் குழைந்த சொல் ஆபத்தாகும். ஆதலால் சர்வதேசக் கடல்சார் நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட கடல்வழித் தொடர்புச் சொற்றொடர்கள், "மே", "மைட்", "ஷுட்", "குட்" என்பவற்றைத் தவிர்க்குமாறு கூறுகின்றன. "மே" என்பது அனுமதியையும் குறிக்கும், நிகழக்கூடுமென்பதையும் குறிக்கும். எனவே "மே ஐ என்டர் தி ஃபேர்வே" எனக் கேளாது, "கொஸ்டியன்" என முன்னறிவித்து, "டூ ஐ ஹாவ் பெர்மிஷன் டு என்டர் தி ஃபேர்வே" எனத் தெளிவாகக் கேட்டல் வேண்டும். கடிதத்தில் அணியான சொல்லே கடலிற் பிழையாகின்றது.

இவையிரண்டும் முரணல்ல. கடிதம் பெறுவோருக்கு வேண்டுவது மறுக்குஞ் சுதந்தரம். கப்பல் செலுத்துவோருக்கு வேண்டுவது ஐயமின்மை. கேட்போரின் தேவையைக் கருதிச் சொல்லைத் தெரிதலே இரண்டிடத்தும் வினயமாகும். 16-ஆம் நூற்றாண்டில் இம்முத்துக்குளித்துறைக்கு வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார், இங்குள்ளோரிடையே வாழ்ந்து தமிழ் பயின்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கோர் இலக்கணம் எழுதினார். அவர் நம் மொழியின் வழக்கை நம்மிடமே கற்றார். நாமும் ஆங்கிலத்தின் வழக்கை அதன் சொற்களிலன்றி, அதனைப் பேசுவோர் அச்சொற்களைக் கையாளும் முறையிலேயே கற்போமாக.