கீல் படகைத் தூக்கும் பெல்ட்

ஜொகூரின் உள்நாட்டு ஊரான பெக்கோக்கில் கடல் இல்லை. ரயில் நிலையம், செம்பனைத் தோட்டங்கள், எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகும் பாதை, அவ்வளவுதான். ஆனால் கடலோரத்துப் பாசிர் கூடாங், இஸ்கண்டார் புத்ரி பக்கம் கிரேன் வேலைக்குப் போகும் ஊர்ப் பிள்ளை ஒருநாள் பாய்மரப் படகு ஒன்றைத் தூக்க வேண்டி வரலாம். ஜெனரேட்டர் தூக்கிய பழக்கம் அங்கே பாதிதான் கைகொடுக்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. லோரியில் சரக்கை இறுக்கிக் கட்டுகிற ராட்செட் பெல்ட் தூக்குவதற்கானதே அல்ல. தோட்டத்து லோரி எல்லாவற்றிலும் கிடக்கிறது, அதனால் கை அதை நோக்கித்தான் போகும். தூக்கும் பெல்ட் வேறு. பாலியெஸ்டரில் நெய்தது, நிறத்தைப் பார்த்தே சுமை தெரியும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. அதில் தைத்த லேபிள் கிழிந்து எழுத்து அழிந்திருந்தால், பெல்ட் புதிதாகத் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டதும் தையல் பிரிந்ததும் அப்படியே. நீளம் அதிகம் என்று முடிச்சுப் போட்டுக் குறைப்பது இன்னும் மோசம்.

அடுத்து எடை. படகின் அடியில் சுறாவின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாக ஒட்டவைத்தது போல இறங்கி நிற்பதுதான் கீல். படகைக் கவிழாமல் நிறுத்தும் பாரம் அதில்தான் இருக்கிறது. 1977-இல் வந்து உலகெங்கும் ஓடும் ஜே/24 என்ற 24 அடிப் படகு சுமார் 1,400 கிலோ. அதில் 430 கிலோ பாரமாகவே கீழே இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் இந்த எடையோடு எஞ்சின், எண்ணெய், நங்கூரச் சங்கிலி, உள்ளே தேங்கிய நீர் எல்லாம் சேரும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தூக்குமுன் இறைத்துவிடுவது நல்லது.

அந்த 1,400 கிலோவுக்கு இரண்டு பெல்ட், கொக்கிக்கு ஏறும் நான்கு கால் என்றால் காலுக்கு 350 கிலோ என்று கணக்குப் போடுவோம். அது கால்கள் செங்குத்தாக நிற்கும்போது மட்டும்தான். ஒரே கொக்கியில் மாட்டி, கால்கள் செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 495 கிலோ. 60 பாகை சாய்ந்தால் 700, அதாவது இரு மடங்கு. இது போதாதென்று பெல்ட் இரு பக்கமும் படகின் விளிம்பை உள்நோக்கி நெரிக்கும். குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் வைத்துக் கால்களை விரித்துப் பிடிப்பது இதற்காகத்தான். அது கிடைக்காவிட்டால் நீளமான பெல்ட்டும் உயரமான கொக்கியும் வேண்டும்.

உண்மையில் நான் அதிகம் பயப்படுவது பெல்ட் அறுவதற்கு அல்ல, நழுவுவதற்கு. கீலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பெல்ட் போடுகிறோம். முன்பக்கம் படகின் அடி மேல்நோக்கி வளைந்து ஏறுகிறது. வெப்பக் கடலில் கிடந்த அடிப்பகுதியில் பாசி வேறு வழுவழுவென்று படிந்திருக்கும். பாரம் ஏறியதும் முன் பெல்ட் அந்தச் சரிவில் மூக்கை நோக்கி ஊர்ந்தால் மூக்கு தாழும், தாழ்ந்தால் இன்னும் ஊரும். அப்புறம் யார் கத்தினாலும் நிற்காது. மருந்து ரொம்ப மலிவு. முன் பெல்ட்டையும் பின் பெல்ட்டையும், இரண்டு பக்கமும், படகின் மேல்தள உயரத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

பெல்ட் எங்கே உட்கார வேண்டும் என்று பல படகுகளில் பக்கவாட்டில் குறி ஒட்டியிருக்கும். இல்லையென்றால் தயாரிப்பாளரின் வரைபடம், அல்லது முன்பு தூக்கியபோது எடுத்த படம். பின் பெல்ட் எஞ்சின் தண்டின் மீதோ சுக்கான் மீதோ உட்காரவே கூடாது. கொக்கி கீலுக்கு நேர் மேலே வரும்போது பாய்மரமும் அதைப் பிடிக்கும் கம்பிகளும் பக்கத்திலேயே நிற்கும். பின் கம்பியை அவிழ்க்க வேண்டியிருந்தால், பாய்மரத்துக்கு வேறு பிடிப்புக் கொடுத்த பிறகே அவிழ்க்க வேண்டும். ஜே/24 போன்ற சிலவற்றில் இந்தத் தலைவலி குறைவு. உள்ளே கீல் போல்ட்டிலேயே கொக்கி மாட்டலாம்.

பிறகு கிரேன் வேலை. மலேசியாவில் கிரேனில் பி.எம்.ஏ. என்ற பதிவு எண்ணும் செல்லுபடியாகும் சான்றிதழும் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சைகை காட்டுபவர் ஒருவர்தான். முன்னும் பின்னும் வழிகாட்டும் கயிறு, படகில் ஆள் இல்லை, அடியில் ஆள் இல்லை. பாரம் ஏறக்குறைய முழுக்க பெல்ட்டில் ஏறி, கீல் நீரை விட்டு வருமுன் ஒருமுறை நிறுத்துங்கள். படகு மட்டமாக நிற்கிறதா, பெல்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் இறக்கி மறுபடி போடுங்கள். தொங்கவிட்டுக்கொண்டே பெல்ட்டைத் தள்ளிச் சரிசெய்ய முயல்பவரை நான் அந்த இடத்தில் வைத்திருக்க மாட்டேன்.

இறக்கும்போது பாரத்தைத் தாங்க வேண்டியது கீல்தான், அடியில் வைத்த மரக்கட்டைகளின் மேல். பக்கத்து முட்டுகள் படகைச் சாயாமல் பிடிக்க மட்டுமே. எதிரெதிர் முட்டுகளைப் படகுக்கு அடியில் சங்கிலியால் இணைத்து, எல்லா முட்டும் இறுகிய பிறகு கொக்கியை ஒரு விரற்கடை தளர்த்திப் பார்ப்பார்கள். படகு அசையாமல் நின்றால் பெல்ட்டை உருவலாம்.